பெர்த் கேரவன் கண்காட்சிக்குப் போகிறோம்: எதைப் பார்த்து வாங்குவது?

செம்பவாங்வாசி

வணக்கம். வரும் மார்ச்சில் நானும் மனைவியும் பெர்த் போகிறோம். கிளேர்மான்ட் திடலில் நடக்கும் கேரவன் கண்காட்சியைப் பார்ப்பதுதான் முக்கிய வேலை. மனைவியின் தம்பி அங்கேயே குடியிருக்கிறார். அவரும் நாங்களும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு வண்டி வாங்கலாம் என்று பேச்சு. அவர் வீட்டுப் பின்பக்கம் நிறுத்த இடம் இருக்கிறது. பதிவும் காப்புறுதியும் அவர் பெயரில் இருக்கும். நாங்கள் வருஷத்தில் சில வாரம் போய் எடுத்துக்கொள்வோம், மற்ற நேரம் அவர் பிள்ளைகளோடு போவார். சிங்கப்பூரிலிருந்து ஐந்து மணி நேர விமானம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், அதனால் அடிக்கடி போய்வர முடியும்.

முதலில் வடக்கே எக்ஸ்மவுத், நிங்கலூ பவளப்பாறைப் பக்கம். அப்புறம் உடம்பு இடம் கொடுத்தால் நல்லார்பார் சமவெளி வழியாக அடிலெய்டு.

மைத்துனரிடம் இரட்டைக் கேபின் பிக்கப் இருக்கிறது, 3,500 கிலோ இழுக்கும் என்கிறார். அதில் கோத்து இழுக்கும் கேரவன் நல்லதா, தனியாக ஓடும் மோட்டார்ஹோம் நல்லதா? கண்காட்சி விலை உண்மையிலேயே குறைவா? நூற்றுக்கணக்கான வண்டிகள் நிற்கிற இடத்தில் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? ஓய்வுக்காலப் பணம் இது, அதனால் நன்றாக விசாரித்துவிட்டுப் போக விரும்புகிறேன்.

பிடோக்_பாலன்

நல்ல திட்டம் அண்ணே. ஒரு கேள்வி. இங்கேயே ஒரு சின்ன கேம்பர்வேன் எடுத்தால் உட்லண்ட்ஸ் தாண்டி மலேசியாவில் மெர்சிங், கேமரன் மலை என்று எல்லா நீண்ட வாரயிறுதியிலும் போகலாமே?

தோபாயோ_கணக்கர்

பாலன், கணக்கைப் போட்டுப் பாருங்கள். வண்டியின் பொதுச் சந்தை மதிப்பு 60,000 வெள்ளி, அது காராகப் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000க்கு 100%, அடுத்த 20,000க்கு 140%, அதற்கடுத்த 20,000க்கு 190%. அதுவே 86,000 ஆகிறது. உற்பத்தி வரி 20%, அதாவது 12,000. சந்தை மதிப்பையும் உற்பத்தி வரியையும் சேர்த்த தொகைக்கு 9% பொருள் சேவை வரி, ஏறக்குறைய 6,500. இதற்கெல்லாம் மேலே சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு 150,001 வெள்ளி வரை போனது நினைவிருக்கும். அந்தச் சான்றிதழும் பத்து வருஷத்துக்குத்தான்.

வாங்கினாலும் நிறுத்துவது எங்கே? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடங்களில் உயர வரம்பு இரண்டு மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். நின்று சமைக்கிற அளவு உயரமுள்ள மோட்டார்ஹோம் மூன்று மீட்டரை நெருங்கும்.

ஜொகூரில் வாங்கிப் பதிவு செய்து இங்கே கொண்டுவரலாம் என்ற யோசனையும் வேண்டாம். வெளிநாட்டில் பதிவான காரைச் சிங்கப்பூர்வாசிகள் இங்கே வைத்து ஓட்ட முடியாது. செம்பவாங்வாசியின் ஏற்பாடு எனக்குச் சரியாகவே படுகிறது: வண்டி ஓடுகிற ஊரில், நிறுத்த இடமுள்ள சொந்தக்காரர் பெயரில்.

மெல்பர்ன்_மணி

நான் ஈசூனில் வளர்ந்தவன். இப்போது மெல்பர்னில் கேம்பல்ஃபீல்டு பக்கம் கேரவன் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. ஆஸ்திரேலியாவில் தயாராகும் கேரவன்களில் பெரும்பங்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் தயாராகிறது. கண்காட்சி முடிந்து மூன்று நான்கு மாதம் கழித்து எங்கள் பட்டறை வாசலில் வந்து நிற்கும் வண்டிகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்காட்சியில் எல்லோரும் முதலில் படி ஏறி உள்ளே போவார்கள். மெத்தை, டிவி, வெள்ளைக் கல் போட்ட சமையல் மேடை, நீலநிற விளக்கு. நீங்கள் உள்ளே போகாமல் வெளியே, முன்பக்கம் போங்கள். வண்டியின் முன்மூலையிலோ இழுவைச் சட்டத்திலோ சின்ன உலோகத் தகடு ஒன்று அடித்திருக்கும். அதைப் போனில் படம் எடுத்த பிறகுதான் படி ஏற வேண்டும்.

அந்தத் தகட்டில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று டேர், தொழிற்சாலையை விட்டு வரும்போது உள்ள காலி எடை. இன்னொன்று ஏடிஎம், எல்லாச் சுமையும் ஏற்றி வண்டி இருக்கக்கூடிய உச்ச எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் குடும்பமும் சாமானும் தண்ணீரும் சேர்ந்து அடங்க வேண்டிய அளவு.

ஒரு உதாரணம். டேர் 2,350, ஏடிஎம் 2,800. மிச்சம் 450 கிலோ. நிறைய இருப்பது போலத் தோன்றும். 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டை நிரப்பினால் 190 கிலோ போச்சு. எரிவாயு உருளை இரண்டில் உள்ள எரிவாயு மட்டும் 18 கிலோ. மீதி 240ஐ ஒட்டி. அதில்தான் துணி, பாத்திரம், அரிசி, நாற்காலி, மேசை, கருவிப்பெட்டி, பிள்ளைகளின் சைக்கிள் எல்லாம்.

கண்காட்சி விலை பற்றிக் கேட்டீர்கள். விலையில் நேரடியாகக் குறைப்பதைவிட, இலவசப் பொருள் கொடுப்பதுதான் இங்கே அதிகம். வெளிக்கூடாரம், கூடுதல் சோலார் தகடு, இரண்டாவது மின்கலம், பக்கவாட்டுக் கருவிப்பெட்டி என்று அடுக்குவார்கள். அவை ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. தகட்டில் டேர் எழுதிய பிறகு விற்பனையாளர் மாட்டிக் கொடுப்பது எல்லாம் உங்கள் 450இலிருந்துதான் கழியும். இலவசமாக வாங்கிக் குவித்துவிட்டுத் தண்ணீர் நிரப்ப வழியில்லாமல் நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர்களிடம் யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வரம்பு மீறினால் அபராதம் மட்டும் இல்லை, விபத்து என்று வந்தால் காப்புறுதி நிறுவனம் கேள்வி கேட்கும். அதோடு வடக்குச் சாலையில் 53.5 மீட்டர் நீள ரோடு டிரெயின்கள், அதாவது பல டிரெய்லர் கோத்த லாரிகள், எதிரே வரும். அவை கடக்கும்போது கிளம்பும் காற்றில் சுமை சரியாக ஏற்றாத கேரவன் வால் ஆட்ட ஆரம்பிக்கும். கனமான சாமான் அச்சுக்கு மேலே இருக்க வேண்டும், பின்கோடியில் இருக்கக்கூடாது. இழுவைக் கொக்கியின் மேல் மொத்த எடையில் பத்து சதவீதத்தை ஒட்டி இறங்க வேண்டும்.

தேக்கா_செல்வி

மணி சொன்ன எடைக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டேன். உள்ளே போன பிறகு பார்க்க வேண்டியதை நான் சொல்கிறேன். எங்கள் குடும்பம் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கேம்பர்வேனில் சுற்றியது. பெரியவர்களும் சின்னவர்களும் கலந்த குடும்பம், மூன்று வேளையும் சமையல்.

செம்பவாங்வாசி அண்ணே, அண்ணியிடம் வீட்டு குக்கரைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. கேரவன் அடுப்புக்கு மேலே பெரும்பாலும் ஒரு அலமாரியோ மைக்ரோவேவோ இருக்கும். ஐந்து லிட்டர் குக்கரை அடுப்பில் வைத்து, விசில் போட்டால் மேலே எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். நாங்கள் எடுத்த வண்டியில் ஆவி நேராக அலமாரியின் அடிப்பலகையில் அடித்தது. ஊர் திரும்புவதற்குள் பலகை ஊதிப்போய்விட்டது. தோசைக்கல்லும் அப்படித்தான். மூன்று பர்னர் இருந்தாலும் நெருக்கி வைத்திருப்பார்கள், நடுவில் கல் வைத்தால் மற்ற இரண்டும் பயன்படாது. அடுப்பு வண்டிக்கு வெளியே இழுத்துவிடும் மாதிரியும் பார்த்தேன். தாளிக்கிற வீட்டுக்கு அதுதான் நல்லது. கடுகும் மிளகாயும் கருவேப்பிலையும் அந்தச் சின்ன அறைக்குள் வெடித்தால் மெத்தையில் இரண்டு வாரம் வாசனை நிற்கும்.

அப்புறம் படுத்துப் பாருங்கள். இரண்டு பேரும் ஒன்றாக, செருப்பைக் கழற்றிவிட்டு. சுவர்ப் பக்கம் படுத்தவர் இரவில் எழுந்தால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டுமா? கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்தி உட்காருங்கள். முழங்கால் இடிக்கிறதா? அறுபது வயதுக்கு மேல் இதெல்லாம் தினமும் படுகிற பாடு. விற்பனையாளர் பார்ப்பாரே என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல விற்பனையாளர் தானாகவே வெளியே போய் நிற்பார்.

கழிவறையின் கேசட் தொட்டியையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். நிரம்பினால் இருபது கிலோவை ஒட்டி இருக்கும், அதை அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். தொட்டிக்குச் சக்கரமும் கைப்பிடியும் உண்டா என்று கேளுங்கள்.

செம்பவாங்வாசி

மணி, செல்வி, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. மனைவி குக்கர் கொண்டுபோவது என்று முடிவே எடுத்துவிட்டார்.

மைத்துனரிடம் பிக்கப்பின் விவரம் கேட்டேன். கையேட்டில் ஜிசிஎம் 6,000 கிலோ, வண்டியின் காலி எடை 2,100 என்று இருக்கிறதாம். 3,500 கிலோ கேரவன் இழுக்கலாம்தானே?

மெல்பர்ன்_மணி

அண்ணே, ஜிசிஎம் என்பது பிக்கப்பும் கேரவனும் அவற்றில் உள்ள எல்லாமும் சேர்ந்த மொத்த வரம்பு. 6,000இல் கேரவன் 3,500 எடுத்துக்கொண்டால் பிக்கப்புக்கு 2,500 மிச்சம். அதன் காலி எடையே 2,100. மீதி 400 கிலோவில் நீங்கள் நாலு பேர் உட்கார்ந்து, முன்னே இரும்பு பம்பர், பின்னே மூடி, குளிர்ப்பெட்டி என்று வைத்தால் தீர்ந்தது. விளம்பரத்தில் சொல்கிற 3,500 பொய் இல்லை. ஆனால் அவ்வளவு இழுக்கும்போது பிக்கப் ஏறக்குறைய காலியாக இருக்க வேண்டும்.

ஏடிஎம் 2,700, 2,800க்குள் இருக்கும் கேரவனைத் தேடுங்கள். டயருக்கும் பிரேக்குக்கும் ஓட்டுகிறவர் தோளுக்கும் நல்லது. அச்சுகள் தாங்கும் எடை 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்க வேண்டும், கொக்கி அறுந்தால் தானாகவே பிரேக் பிடிக்கும் கருவியும் சட்டப்படி வேண்டும். அந்தக் கருவியின் மின்கலம் எங்கே இருக்கிறது என்று கண்காட்சியிலேயே காட்டச் சொல்லுங்கள். பிக்கப்பில் பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டி மாட்டியிருக்கிறதா என்று மைத்துனரிடம் கேளுங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுக்கும்போது வேக உச்சம் 100 கிலோமீட்டர்.

ஜூரோங்_நாதன்

நான் வேறு பக்கம் பேசப்போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருஷத்தில் சில வாரத்துக்கு வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கேரவன் முதல் வருஷத்திலேயே நிறைய மதிப்பு இழக்கும். வெயிலில் நின்றால் டயர், ரப்பர், கூரைப் பசை எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கெடும். அந்தப் பணத்துக்கு வருஷா வருஷம் வேறு வேறு ஊரில் வாடகைக்கு எடுக்கலாம். ஒரு வருஷம் பெர்த், ஒரு வருஷம் தாஸ்மேனியா, ஒரு வருஷம் நியூசிலாந்து. நியூசிலாந்தில் 2023 சட்டத்துக்குப் பிறகு, தன்னிறைவு வண்டி (கழிவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி) என்று சான்று பெற உள்ளேயே பொருத்திய கழிவறை வேண்டும் என்றாகிவிட்டது. வாடகை வண்டி என்றால் அந்தத் தலைவலி நிறுவனத்துடையது.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் 3ஆம் வகுப்பு உரிமத்தில் காருக்குச் சுமையில்லாத எடை 3,000 கிலோ, மற்ற வண்டிகளுக்கு 2,500 கிலோ என்று வரம்பு உண்டு. பெரிய மோட்டார்ஹோம் காலியாகவே அதைத் தாண்டலாம். ஆஸ்திரேலியாவில் அவர்களுடைய சாதாரண கார் உரிமத்துக்கு மொத்த எடை 4.5 டன் வரை அனுமதி, அதனால் அங்கே விற்கிறவர்களுக்கு இந்த விஷயம் தோன்றவே தோன்றாது. காப்புறுதி நிறுவனத்திடம் உங்கள் உரிமத்தின் படத்தை அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தேக்கா_செல்வி

நாதன், நீங்கள் சொல்வதில் பணக் கணக்கு சரி. ஆனால் இங்கே வண்டி சும்மா நிற்கப்போவதில்லை, தம்பி குடும்பம் பள்ளி விடுமுறைக்கெல்லாம் எடுக்கும் என்கிறாரே. இரண்டு குடும்பம் பகிரும்போது கணக்கு மாறும். இன்னொன்று, வாடகை வண்டியில் நம் பாத்திரம், நம் மெத்தை விரிப்பு, நம் மசாலா டப்பா என்று எதுவும் இருக்காது. ஒவ்வொரு தடவையும் பெர்த் கடைத்தெருவில் முதல் நாள் முழுக்க அதற்கே போகும்.

அதே சமயம் முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்ல யோசனைதான். கண்காட்சிக்கு முன்பே எடுங்கள் அண்ணே. ஒரு வாரம் உள்ளே வாழ்ந்தவர் கண்ணும் வாழாதவர் கண்ணும் ஒரே வண்டியில் வேறு வேறு விஷயத்தைப் பார்க்கும்.

சாங்கி_குமரன்

வேலை விஷயமாக ஜெர்மனி போனபோது டுசல்டார்ஃப் கேரவன் சலோனுக்குப் போயிருக்கிறேன். உலகிலேயே பெரிய கேரவன் கண்காட்சி அதுதான், 1962இல் தொடங்கியது. ஐரோப்பிய மோட்டார்ஹோம்களின் வேலைப்பாடு அழகு, சந்தேகமே இல்லை. பெர்த்திலும் இறக்குமதி வண்டிகள் நின்றால் இரண்டு விஷயம் பாருங்கள்.

முதலாவது கதவு. ஐரோப்பாவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறார்கள், அதனால் வீட்டுக் கதவு வலப்பக்கம் இருக்கும். ஆஸ்திரேலியாவில் அப்படியே வந்தால் பிள்ளைகள் இறங்குவது வண்டிகள் போகிற பக்கம். இடப்பக்கச் சாலைக்கென்று கட்டியதா என்று கேளுங்கள்.

இரண்டாவது எடை. அங்கே சாதாரண கார் உரிமம் 3,500 கிலோ வரைதான் என்பதால் வண்டியை அந்த வரம்புக்குள் அடக்கப் பாடுபடுவார்கள். ஏற்றக்கூடிய சுமை குறுகிப்போகும். அவர்கள் சொல்கிற ஓடும் நிலை எடையில் 75 கிலோ ஓட்டுநரும் டீசல் தொட்டியின் 90 சதவீதமும் சேர்ந்திருக்கும். மணி சொன்ன டேர் கணக்கோடு அதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும்.

மெல்பர்ன்_மணி

குமரன் சொன்ன இரண்டும் ரொம்பச் சரி.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பற்றிச் சொல்ல விட்டுப்போனது. ஆஸ்திரேலியப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் 2022இல் புதுக் கேரவன் விற்பனை பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. கருத்தாய்வில் பதில் சொன்னவர்களில் 80 சதவீதம் பேர் வாங்கிய புது வண்டியில் ஏதாவது கோளாறு இருந்தது என்றார்கள். பட்டறையில் நிற்கிற எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. கதவுக் கீல், குழாய் இணைப்பு, கூரை ஓரத்து நீர்க்கசிவு, இவைதான் அதிகம். கசிவைத்தான் நான் ரொம்பப் பயப்படுவேன். மரச்சட்டம் போட்ட வண்டியில் ஒரு மூலையில் தண்ணீர் இறங்கினால் சுவர் உள்ளுக்குள்ளே ஊறும், வெளியே தெரியும்போது சட்டம் உளுத்துப்போயிருக்கும். சட்டம் மரமா, அலுமினியமா, கண்ணாடியிழைப் பலகையா என்று கேளுங்கள். கசிவுக்குத் தனியாக எத்தனை வருஷ உத்தரவாதம், அதைத் தக்கவைக்க வருஷா வருஷம் சோதனைக்குக் கொண்டுவர வேண்டுமா என்றும் கேளுங்கள்.

பயனீட்டாளர் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. பெரிய கோளாறு என்றால் பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு வண்டி வாங்குவதா, பழுது பார்க்கச் சொல்வதா என்று தேர்வு செய்யும் உரிமை வாங்கியவருக்கு. ஆனால் பெர்த்தில் இருந்துகொண்டு மெல்பர்ன் தொழிற்சாலையோடு மல்லுக்கட்டுவது லேசில்லை. அதனால் பெர்த்திலேயே பட்டறை வைத்திருக்கும் விற்பனையாளரிடம் வாங்குங்கள்.

பக்கவாட்டில் 'ஆஃப்ரோடு' என்று பெரிதாக ஒட்டியிருந்தால் உத்தரவாதப் புத்தகத்தை வாங்கி, தார் போடாத சாலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள். சில புத்தகங்களில் சரளைச் சாலை வரைதான் அனுமதி.

அன்றைக்கே முன்பணம் கட்டாதீர்கள். 'இன்று மாலை வரைதான் இந்த விலை' என்பார்கள். கண்காட்சி முடிந்த வாரம் அவர்கள் கடைக்குப் போனாலும் பேசுவார்கள்.

செம்பவாங்வாசி

கண்காட்சிக்குப் போய்வந்தோம். செல்வி சொன்னபடி முதலில் ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து மார்கரெட் ரிவர் பக்கம் போய்வந்த பிறகுதான் போனோம்.

முதல் நாள் எதையும் விசாரிக்காமல், தகடுகளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு நடந்தோம். இரவில் மைத்துனர் மகள் எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் போட்டாள். அதிலேயே பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. மனைவிக்கு மிகவும் பிடித்த ஒன்றில், உள்ளே சாய்வு நாற்காலிகூட இருந்தது, ஏற்றக்கூடிய சுமை 330 கிலோதான். தண்ணீர் நிரப்பினாலே பாதிக்கு மேல் போய்விடும் என்று அவரே சொல்லிவிட்டு இறங்கினார்.

மறுநாள் மிச்சமிருந்தவற்றில் குக்கரோடு ஏறினோம். ஒரு விற்பனையாளர், இளம் பெண், தானே அலமாரிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஆவி எவ்வளவு உயரம் போகும்?" என்று அக்கறையாகக் கேட்டார். கடைசியில் எங்களுக்குப் பிடித்தது அலங்காரம் குறைந்த ஒன்று. டேர் 2,230, ஏடிஎம் 2,750. அலுமினியச் சட்டம், அடுப்பு வெளியே இழுக்கிற மாதிரி, கட்டிலின் இரண்டு பக்கமும் இறங்க வழி. விற்பனையாளரின் பட்டறை பெர்த்திலேயே இருக்கிறது. விலையையும் அதில் அடங்கியவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, முன்பணம் கட்டாமல் வந்துவிட்டோம். கருவிப்பெட்டியும் இரண்டாவது சோலார் தகடும் வேண்டாம் என்றதற்கு விலையில் கொஞ்சம் குறைத்தும் எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் மைத்துனர் கடைக்குப் போய் ஒப்பந்தம் பேசுவார். அதில் என்ன சேர்க்கச் சொல்லட்டும்?

மெல்பர்ன்_மணி

520 கிலோ. நல்ல தேர்வு அண்ணே, மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

ஒப்பந்தத்தில் மூன்று வரி கேளுங்கள். கொடுக்கும் நாளில், மாட்டிய எல்லாப் பொருளோடும் பொது எடைமேடையில் ஏற்றி எடைச்சீட்டு தர வேண்டும், தகட்டின் டேருக்கும் அதற்கும் இத்தனை கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மறுக்கும் உரிமை உங்களுக்கு. இரண்டாவது, ஒப்படைக்கும் தேதியும், அது இத்தனை வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் முன்பணம் முழுதாகத் திரும்பும் என்பதும். மூன்றாவது, எரிவாயு, மின்சார வேலைக்கான சான்றிதழ்கள் வண்டியோடு வர வேண்டும்.

எடுக்கிற அன்று மைத்துனரை அரை நாள் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள். கூரை ஓரமெல்லாம் குழாய்த் தண்ணீரை நன்றாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, உள்ளே மேல் அலமாரிகளின் மூலையிலும் கட்டிலுக்கு அடியிலும் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். எல்லாக் குழாயையும் திறந்து, அடியில் படுத்துச் சொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அன்றிரவு கடை வாசலிலோ பக்கத்துக் கேரவன் பூங்காவிலோ தங்கி, குளிர்சாதனம், குளிர்ப்பெட்டி, சுடுநீர் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள். ஏதாவது கோளாறு இருந்தால் காலையில் பட்டறை பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும்.

செம்பவாங்வாசி

மூன்று வரியையும் அப்படியே மைத்துனருக்கு அனுப்பிவிட்டேன். ஜூலையில் எக்ஸ்மவுத் போவதாக இருக்கிறோம். அந்த வழியில் தண்ணீர் நிரப்பும் இடங்களும் கழிவு கொட்டும் இடங்களும் தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், புது இழை திறக்கிறேன்.